ஆட்சி மாறினால் அடுப்பு அணைவதேன்?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையாவது இல்லாத கல்லூரி மலர் இருக்க முடியாது. நம் நூலகத்தில் கட்டி வைத்திருக்கும் பழைய மலர்களை இந்தக் கட்டுரைக்காகப் புரட்டிப் பார்த்தேன். மக்கள்தொகைப் பெருக்கம், இயந்திரங்களின் வருகை, வாழ்க்கைக்குப் பயன்படாத ஏட்டுக் கல்வி, மழை பொய்த்தல் என்று நமக்கு முன் படித்தவர்கள் காரணங்களை நன்றாகவே அடுக்கியிருக்கிறார்கள். அவை யாவும் உண்மையே. ஆனால் நான் தேடிப் போன காரணம் அவற்றுள் இல்லை.

வேலை கிடைக்காமல் இருப்பது ஒரு துன்பம். கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, தன்மீது எந்தக் குற்றமும் இல்லாதிருந்தும், கோட்டையில் ஆட்கள் மாறிவிட்டார்கள் என்பதற்காக அதை இழப்பது வேறொரு துன்பம். இந்த இரண்டாவதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். நான் கணித மாணவன். பொருளியல் துறையார் என் பிழைகளைப் பொறுத்தருள வேண்டும். கட்சிகளின் பெயரைச் சொல்லாமல் இப்பொருளை எழுத முடியாது என்பதால், தேவையான இடத்தில் சொல்லியிருக்கிறேன். நான் எந்தக் கட்சியின் உறுப்பினனும் அல்லன்.

முதலில் என் வீட்டுக் கதை. இதில் மட்டும் பெயர்கள் வேண்டா. நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது என் தாயார் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் தினக்கூலிக்குப் பெருக்கிக் கழுவும் வேலை பார்த்து வந்தார். விடியற்காலை ஐந்தரைக்குப் போவார். நான் பள்ளிக்குக் கிளம்புமுன் திரும்பிவிடுவார். இரண்டாண்டுகள் ஒரு நாள்கூடக் குறை சொல்லக் கேட்டதில்லை. ஒரு தேர்தல் வந்தது. தலைவர் மாறினார். அடுத்த மாதம் முதல் தேதியன்று அம்மா போனபோது மஸ்டரில் அவர் பெயர் இல்லை. அவர் இடத்தில் வேறொரு பெண் துடைப்பத்தோடு நின்றார். அவரும் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர்தான். அவருக்கும் இரண்டு குழந்தைகள். அம்மா அவரோடு சண்டை போடவில்லை. வாளியை எங்கே வைப்பது, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் எங்கள் குடும்பத்துக்கு அநீதி நடந்துவிட்டது என்றுதான் தோன்றும். நெடுநாள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் மீதிக் கதையை அறிந்தேன். அம்மாவுக்கு அந்த வேலை கிடைத்ததே என் தகப்பனார் முந்திய தேர்தலில் சுவர் எழுதியதனால்தான்! அதற்கு முன் அங்கே பெருக்கிக்கொண்டிருந்தவர் யார், அவர் என்ன ஆனார் என்பதை எங்கள் வீட்டில் அன்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு நேர்ந்தது, தமிழகத்தில் பல்லாயிரம் பேருக்கு, அரசாணை எண்ணோடும் தேதியோடும், ஒருமுறையல்ல, மும்முறை நேர்ந்திருக்கிறது. மக்கள் நலப் பணியாளர்கள் என்ற பெயரை நம்மில் பலர் செய்தித்தாளில் பார்த்திருப்போம். அவர்களுடைய வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

1989-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. கிராமங்களில் பத்தாம் வகுப்புவரை படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்களுக்கென்று அவ்வாண்டில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. ஊராட்சிக்கு இருவர் வீதம் ஏறத்தாழ 25,000 பேர் மக்கள் நலப் பணியாளர்களாக அமர்த்தப்பட்டனர். அரசின் நலத்திட்டங்கள் ஊராட்சியில் மக்களிடம் போய்ச் சேரத் துணை நிற்பது அவர்கள் பணி. ஊதியம் என்று சொல்வதற்கில்லை, மதிப்பூதியம்தான். 1991 ஜூன் மாத இறுதியில் அ.தி.மு.க. ஆட்சிப் பொறுப்பேற்றது. ஜூலை மாதத்திலேயே அத்தனை பணியிடங்களும் ஒழிக்கப்பட்டன. ஒரு மாதம்கூட ஆகவில்லை.

1996-இல் தி.மு.க. திரும்பியது, 1997-இல் திட்டமும் திரும்பியது. ஆனால் இம்முறை எண்ணிக்கை ஏறத்தாழப் பாதிதான். எஞ்சிய பாதிப்பேர் 1991-இல் வீட்டுக்குப் போனவர்கள் போனவர்களே. 2001 மே மாதம் அ.தி.மு.க. வென்றது, ஜூன் முதல் தேதியே திட்டம் மறுபடி ஒழிந்தது. 2006-இல் தி.மு.க. மீண்டும் வந்ததும் அவ்வாண்டிலேயே மறுபடி அமர்த்தினார்கள். இம்முறை பின்னர் காலமுறை ஊதியம்கூடக் கிடைத்தது. இனிமேல் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். 2011-இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று ஓர் அரசாணையால் 12,000-க்கும் மேற்பட்டோர் மூன்றாம் முறையாக வேலை இழந்தனர்.

பிறகு நடந்தது நீதிமன்றப் படலம். 2014 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு மீண்டும் வேலை தர வேண்டும் என்றது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தடை அப்படியே ஆண்டுக்கணக்கில் நின்றது. 2021-இல் மறுபடி தி.மு.க. ஆட்சி. 2022-இல் அவர்களை வேலை உறுதித் திட்டத்தின் ஊராட்சிப் பணி ஒருங்கிணைப்பாளர்களாக, மாதம் 7,500 ரூபாய் மதிப்பூதியத்தில் அமர்த்துவதாக அரசு முன்வந்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்று வழக்கை முடித்தது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 1989-இல் 25 வயதில் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் திரும்ப அழைக்கப்பட்ட ஒரு பணியாளரை எடுத்துக்கொள்வோம். முதல் தடவை வேலையில் இருந்தது இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாம் தடவை நான்காண்டுக்குச் சற்று அதிகம். மூன்றாம் தடவை ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு. கூட்டினால் பதினோர் ஆண்டுக்குச் சற்று மேல் வரும். வேலையின்றி இருந்த காலம்: முதலில் ஐந்தரை ஆண்டு, பிறகு ஐந்தாண்டு, அதன் பிறகு பத்தரை ஆண்டு. கூட்டினால் இருபத்தொன்று. ஆக, 33 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு வேலை, இரு பங்கு காத்திருப்பு. 2022-இல் அழைப்பு வந்தபோது அவருக்கு வயது 58. மற்றோர் அரசு ஊழியர் ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் வயது அது. அந்த அழைப்பைக் காணாமலே இறந்துபோனவர்களும் உண்டு.

இந்த இருபத்தோர் ஆண்டும் அவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்று என் அறை நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. போயிருப்பார்கள், கூலிக்கும் கடைக்கும். ஆனால் அடுத்த தேர்தலில் நம்மவர் வருவார், வந்தால் அழைப்பார் என்ற நம்பிக்கை ஒரு மனிதனை வேறு வாழ்க்கைக்கு முழுமையாகப் போகவிடாது. அடியோடு வேலை இல்லாதவன் வேறு ஊருக்குப் போவான், வேறு தொழில் கற்பான். வேலை திரும்ப வரலாம் என்றிருப்பவன் காத்திருப்பான். கட்சி அரசியலால் வரும் வேலையிழப்பின் கொடுமை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்தக் காத்திருப்பு, ஒருவருடைய பிழைப்பை ஒரு கட்சியின் வெற்றியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. பிறகு அவர் தேர்தலில் யாருக்கு உழைப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கட்சிக்காரர் என்று எதிர்த்தரப்பு சொன்னது தொடக்கத்தில் பொய்யாகவே இருந்தாலும், இரண்டு முறை நீக்கப்பட்டபின் அது மெய்யாகிவிடுகிறது!

இரு தரப்பு வாதத்தையும் சொல்லாவிட்டால் நான் நடுநிலை தவறியவன் ஆவேன். நீக்கிய தரப்பின் வாதம் இது: இப்பணியாளர்கள் செய்த வேலையை ஏற்கெனவே வேறு ஊழியர்கள் செய்கிறார்கள், இவர்களுக்கென்று தனிப்பணி இல்லை, மக்கள் வரிப்பணம் வீணாகிறது, அமர்த்தப்பட்டவர்கள் கட்சிக்காரர்கள். அமர்த்திய தரப்பின் வாதம் இது: இவர்கள் ஏழைக் கிராமத்து இளைஞர்கள், ஆணை பெற்று ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள், அவர்களை நீக்கியது அரசியல் காழ்ப்பு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் இரு தரப்பும் தொடாத ஒரு கேள்வி உண்டு. பணி வீண் என்றால் அது ஏன் மும்முறையும் ஆட்சி மாறிய ஆண்டில் மட்டுமே வீணாகத் தெரிந்தது? பணி தேவை என்றால் அதற்கு ஆளெடுக்கும்போது, அடுத்த ஆட்சி கலைக்க முடியாத முறையில் ஏன் எடுக்கவில்லை?

இந்த இரண்டாவது கேள்வியை நாம் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் 1991-லும் 2001-லும் 2011-லும் ஆட்சி மாறியபோது ஊராட்சிப் பள்ளி ஆசிரியரை யாரும் நீக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரை நீக்கவில்லை. தாலுகா அலுவலக எழுத்தரை நீக்கவில்லை. அவர்களுள்ளும் கட்சி அபிமானிகள் இல்லாமலா இருப்பார்கள்? ஒரே கிராமம், ஒரே அரசு, ஒரே ஆட்சி மாற்றம். ஒருவர் மறுநாளும் அலுவலகம் போகிறார், மற்றவர் வீட்டுக்குப் போகிறார். வேறுபாடு அவர்கள் உள்ளே நுழைந்த வாசலில் இருக்கிறது.

நம் அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு, அரசின் குடிமைப் பதவியில் இருப்பவரைக் குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, அவர் தரப்பைக் கேட்ட பிறகே நீக்கலாம் என்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றை விட்டுவிடுவோம். ஆனால் ஆளை நீக்காமல் பதவியையே ஒழித்துவிட்டால்? அது தண்டனை அன்று, கொள்கை முடிவு என்பது சட்டத்தின் நிலை. குற்றச்சாட்டும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைத் தொடாமல் நாற்காலியை மட்டும் இழுத்துக்கொள்வது போன்றது. தேர்வாணையத்தின் மூலம் வந்த பதவிகளை அப்படி இழுக்க எந்த அரசும் துணிவதில்லை. அவை இல்லாமல் நிருவாகம் ஓடாது. ஒரு திட்டத்துக்கென்று, மதிப்பூதியத்தில், ஓர் அரசாணையால் பிறந்த பதவியை இன்னோர் அரசாணை கொன்றுவிடும்.

பதவி ஒழிப்பெல்லாம் கட்சிப் பகை என்று சொல்லிவிடவும் கூடாது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் வழியே கர்ணம், மணியக்காரர் முதலிய பழைய கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள் ஒரே நாளில் போயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அப்பதவிகளை ஒழித்தது செல்லும் என்று 1982-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழிப்பு நல்லெண்ணத்தோடு நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அது வலியுறுத்தியது. அன்று பதவி இழந்தவர்கள் வீட்டிலும் அடுப்பு அணைந்திருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஒழிப்புக்குப் பின் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. தகப்பனுக்குப் பிறகு மகன் என்று தலைமுறை தலைமுறையாய்ச் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த அதிகாரம் போய், முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தேர்வாணையத்தின் தேர்வு எழுதி எவர் வீட்டுப் பிள்ளையும் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்றாயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஆட்சி மாறியும் அந்த ஏற்பாடு மாறவில்லை. ஒரு வேலையிழப்பு சீர்திருத்தமா, பழிவாங்கலா என்று அறிய எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்: அடுத்த ஆட்சி வந்ததும் அது தலைகீழாகிறதா, இல்லையா?

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் 1,70,000 பேருக்கு மேல் ஒரே வீச்சில் நீக்கப்பட்டதையும் சிலர் இங்கே நினைக்கலாம். அது ஊழியருக்கும் அரசுக்கும் நடந்த போராட்டம். இக்கட்டுரையின் பொருளில் சேராது என்று கருதி விட்டுவிடுகிறேன்.

ஆனால் சாலைப் பணியாளர்களை விட முடியாது. 1997-இல் தி.மு.க. ஆட்சியில் நெடுஞ்சாலைத் துறையில் ஏறத்தாழ 10,000 பேர் சாலைப் பணியாளர்களாக எடுக்கப்பட்டனர். சாலையோரம் புல் செதுக்குவது, பள்ளம் நிரப்புவது, வடிகால் திருத்துவது அவர்கள் வேலை. 2002 செப்டம்பரில் அ.தி.மு.க. ஆட்சியில் அனைவரும் நீக்கப்பட்டனர். 41 மாதங்கள் போராடினார்கள். 2006 பிப்ரவரியில் மீண்டும் வேலை கிடைத்தது. கவனியுங்கள்: நீக்கிய அதே அரசுதான் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு மே மாதம் சட்டமன்றத் தேர்தல்!

இதைப் படித்தபோது பொருளியல் துறை நண்பர் ஒருவர் எனக்கு ஒரு பெயரைச் சொன்னார். வில்லியம் நோர்தவுஸ் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார். தேர்தல் நெருங்கும்போது ஆள்வோர் வேலைவாய்ப்பைப் பெருக்கிக் காட்டுவர். தேர்தல் முடிந்ததும் கசப்பு மருந்தைக் கொடுப்பர். ஆகவே வேலையின்மை தேர்தல் கால அட்டவணையைப் பின்பற்றி ஏறி இறங்கும் என்பது அதன் சாரம். அதற்கு அரசியல் வணிகச் சுழற்சி என்று பெயர். அவர் அதைச் சமன்பாடுகளில் எழுதியிருக்கிறாராம். சாலைப் பணியாளர் அந்தச் சமன்பாட்டைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்று, வேலை திரும்பிய பிறகும் ஆண்டுக்கணக்கில் அவர்கள் கோரிக்கை வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஓய்வூதியக் கணக்கில் 41 மாதம் எவ்வளவு பெரியது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இது நம் நாட்டு நோய் மட்டும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் மாறினால் அஞ்சலகத்துப் போஸ்ட்மாஸ்டர்கூட மாறுவார். வென்ற கட்சி பதவிகளைத் தன் ஆட்களுக்குப் பங்கிடும். 1881 ஜூலை 2 அன்று குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டவன், கட்சிக்கு உழைத்த தனக்கு வெளிநாட்டுத் தூதரகத்தில் பதவி தரவில்லை என்ற மனக்கசப்பு உடையவன். செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார். 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் வந்தது: தேர்வு வைத்து ஆள் எடுக்க வேண்டும், கட்சிக் காரணத்துக்காக நீக்கக் கூடாது. முதலில் அது பத்தில் ஒரு பங்கு மத்திய அரசுப் பதவிகளுக்கு மட்டுமே பொருந்தியது. பிறகு படிப்படியாக விரிந்தது. நம் சென்னை மாகாணம் இவ்வகையில் சளைத்ததன்று. 1929-இலேயே இங்கே சென்னைப் பணித் தேர்வாணையம் அமைந்துவிட்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது.

அவ்வளவு முன்னதாக நல்ல வாசல் அமைத்த மாநிலத்தில், என் தாயாருக்கு ஏன் அந்த வாசல் இல்லை?

இதற்கு விடை தேடியபோது 1959-ஆம் ஆண்டின் ஒரு மத்தியச் சட்டம் கண்ணில் பட்டது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று சொன்ன சட்டம் அது. நல்ல சட்டம். ஆனால் அதில் சில வேலைகள் விலக்கப்பட்டிருந்தன. விவசாய வேலை, வீட்டு வேலை, மூன்று மாதத்துக்கும் குறைவான வேலை ஆகியவற்றோடு, தனித்திறன் வேண்டாத அலுவலக வேலை என்ற வகையும் விலக்கு. அது எது என்று சட்டமே பட்டியல் இட்டிருந்தது: கட்டுத் தூக்குபவர், தூசி தட்டுபவர், பியூன், காவலாளி. பட்டியலில் பெருக்குபவரும் இருந்தார்! அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். எழுத்தர் இடம் காலியானால் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பெருக்குபவர் இடம் காலியானால் அச்சட்டப்படி யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்றால், தெரிந்தவருக்குத்தான் தெரியும். தெரிந்தவர் யார்? சுவர் எழுதியவர்.

மாநில அரசுகளும் துறைகளும் தனியே விதிகள் வகுத்துப் பதிவு மூப்பின்படி அடிநிலைப் பணியாளரையும் எடுத்ததுண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நில்லாமல் விளம்பரமும் செய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆயினும் தினக்கூலி, தொகுப்பூதியம், ஒப்பந்தம் என்ற பெயர்களில் வரும் வேலைகள் இந்த விதிகளின் கீழேயே நழுவிவிடுகின்றன. இத்தகைய வேலைகள் பெருகப் பெருக, ஆட்சி மாற்றத்தில் அணையக்கூடிய அடுப்புகளும் பெருகும்.

நல்ல வாசலோ மிகவும் குறுகலாக இருக்கிறது. 2022-இல் நான்காம் தொகுதித் தேர்வில் 7,301 இடங்கள் அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். வகுத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு 300 பேர். 2023-இல் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்து காத்திருந்தோர் 60 லட்சத்துக்கும் மேல். முந்நூறில் ஒருவராக வர முடியாது என்று அஞ்சுகிறவர் பக்கத்து வாசலைத் தேடுவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். என் தகப்பனார் சுவர் எழுதியதையும் குற்றம் சொல்ல மாட்டேன். வேலை குறைவாக இருக்கும் இடத்தில்தான் அதைக் கொடுக்கிறவனுக்கு இவ்வளவு அதிகாரம் வருகிறது. ஆகவே வேலையின்மையும் கட்சி அரசியலும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

எனக்குத் தோன்றும் வழிகள் எளியவை. ஒரு நாள் கூலிக்கு எடுக்கும் பெருக்குபவராயினும், காலியிடத்தை அலுவலக வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். விண்ணப்பித்தவர் எத்தனை பேர், யாரை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதையும் அங்கேயே ஒட்ட வேண்டும். ஒரு திட்டத்தை ஒழிக்கிற அரசு, அதில் வேலை பார்த்தோரை எங்கே அமர்த்தப் போகிறது என்பதை ஒழிக்கும் ஆணையிலேயே சொல்ல வேண்டும். 2022-இல் ஒரு மாற்று ஏற்பாட்டுக்கு வழி இருந்தது என்றால் 1991-லும் இருந்திருக்கும். இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. ஆனால் ஆளும் கட்சி எதுவாயினும் அது தன் கையிலுள்ள ஒரு பரிசை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே எளிதில் நடக்கும் என்றும் நான் எண்ணவில்லை.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். என் தாய்மாமன், கட்சியில் ஓரளவு செல்வாக்கு உள்ளவர், வீட்டுக்கு வந்தார். "மாப்ளே, டிகிரி முடிக்கிற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? ஒரு ஆபீஸ்ல தொகுப்பூதியத்துல ஆள் போடுறாங்க. நான் ஒரு லெட்டர் வாங்கித் தர்றேன். சேந்துடு, படிப்பைத் தபால்ல முடிச்சிக்கலாம்" என்றார். அன்பினால்தான் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்தவன் நான் ஒருவன்தான்; வீட்டில் கடன் இருக்கிறது; தங்கை பத்தாம் வகுப்பு. தகப்பனார் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார்.

அவர் போன பிறகு அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "அந்த வேலையில இப்ப யாருப்பா இருக்காங்க?"

யாரும் இல்லை, புதிய இடம் என்றுதான் மாமா சொன்னார் என்றேன்.

"விசாரிச்சிட்டுச் சொல்லு" என்றார் அம்மா.

விசாரித்தேன். அந்த இடத்தில் மூன்றாண்டுகளாக ஒருவர் வேலை பார்த்து வருகிறார். மாமாவுக்கு என் பதிலைக் கடிதமாக எழுதி அனுப்பிவிட்டேன். நான்காம் தொகுதித் தேர்வுக்கான பழைய வினாத்தாள்கள் நம் நூலகத்தில் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் என்னோடு சேர்ந்து படிக்க விரும்பும் நண்பர்கள் வரலாம்.